மதுரை ஜல்லிக்கட்டில் பரிசும் புரவலரும்

மதுரை மாவட்டத்தில் தை மாதம் நடைபெறும் ஜல்லிக்கட்டு, ஊதியம் பெறாத வீரர்கள் பங்கேற்கும் நாட்டுப்புற வீர விளையாட்டு. இதில் பரிசு என்பது தொடக்கத்தில் காளையின் கொம்பில் கட்டப்பட்ட துணியும் காசுமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது அண்டா, பீரோ, மிதிவண்டி, தங்கக்காசு என வளர்ந்தது. இப்போது கார், டிராக்டர் வரை வந்துள்ளது. பரிசை வழங்கியவர்களும் காளையின் உரிமையாளர், ஜமீன்தார், ஊர்ப் பொதுமக்கள், வணிகர்கள், அரசியல் தலைவர்கள், அரசு என மாறி வந்துள்ளனர். பரிசின் அளவும் அதை வழங்குவோரும் மாறியபோது விளையாட்டின் விதிகளும் மாறின.

சொல்லும் பரிசும்

ஜல்லிக்கட்டு என்ற பெயரே பரிசைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. சல்லி என்பது சிறு நாணயம். சல்லிக்காசு என்ற சொல் இன்றும் பேச்சு வழக்கில் உள்ளது. காசைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டிவிடுவதால் சல்லிக்கட்டு எனப் பெயர் வந்தது என்றும், அதுவே ஜல்லிக்கட்டு எனத் திரிந்தது என்றும் கூறப்படுகிறது. சல்லி என்பது காளையின் கழுத்தில் கட்டப்படும் வளையத்தை அல்லது அணியைக் குறிக்கும் என்ற விளக்கமும் உண்டு. இரண்டு விளக்கங்களிலும் காளையின் உடலில் கட்டப்படும் ஒரு பொருளே பெயருக்கு அடிப்படையாக உள்ளது.

இந்த விளையாட்டின் பிற வடிவங்கள் வேறு பெயர்களைக் கொண்டவை. சிவகங்கைப் பகுதியில் மஞ்சுவிரட்டு என்ற பெயர் வழக்கில் உள்ளது. காளையை நீண்ட கயிற்றில் கட்டி, ஒரு குழு குறிப்பிட்ட நேரத்திற்குள் பிடிக்க முயல்வது வடமாடு. பழைய இலக்கியம் இதை ஏறு தழுவுதல் என்று சொல்கிறது. மஞ்சுவிரட்டு, வடமாடு, ஏறு தழுவுதல் ஆகியவை செயலைக் குறிக்கும் பெயர்கள். ஜல்லிக்கட்டு மட்டுமே பரிசை முன்னிறுத்தும் பெயர்.

முல்லைக்கலி காட்டும் பரிசு

ஏறு தழுவுதல் பற்றிய விரிவான பழைய விவரிப்பு கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்களில் உள்ளது. முல்லைக்கலியைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன். ஆயர் குடியினர் தாம் வளர்த்த காளைகளைத் தொழுவில் விடுகின்றனர். இளைஞர்கள் அவற்றைத் தழுவ முயல்கின்றனர். காளையை அடக்கியவனுக்கு அக்குடியின் பெண்ணை மணம் முடித்துக் கொடுப்பது மரபாகச் சொல்லப்படுகிறது. கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் விரும்பமாட்டாள் என்ற கருத்தும் அப்பாடல்களில் இடம்பெறுகிறது.

இதில் போட்டியும் பரிசும் ஒரே குடிக்குள் நிகழ்கின்றன. காளையை வளர்த்தவர், அதைத் தழுவுபவர், காண வந்தவர் மூவரும் ஒரே சமூகத்தினர். பரிசு என்பது உறவு. காளையைத் தழுவியவன் அந்த வீட்டின் மருமகனாகிறான். விற்கவோ அடகு வைக்கவோ கூடிய பொருள் எதுவும் கைமாறுவதில்லை. பிற்கால ஜல்லிக்கட்டில் மணப்பரிசு என்ற வழக்கம் இல்லை. துணியும் காசும் அந்த இடத்தைப் பெற்றன.

காலனியக் காலப் பதிவுகள்

மதுரைப் பகுதி ஜல்லிக்கட்டைப் பற்றிய ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் முக்கியமானது ஜே. எச். நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு. இது 1868-ல் வெளிவந்தது. வறண்ட ஆற்றுப்படுகை அல்லது கண்மாய் போன்ற பரந்த வெளியில் மக்கள் கூடுவதையும், சில நாட்கள் நன்றாகத் தீனி போட்டுத் தயார் செய்த உழவு மாடுகளைக் கொண்டுவருவதையும் நெல்சன் விவரிக்கிறார். உரிமையாளர்கள் தங்கள் மாட்டின் பெருமையைப் பேசி, பிடிக்க முடிந்தால் பிடிக்கலாம் என அறைகூவல் விடுகின்றனர். மாட்டின் கொம்பில் ஒரு புதுத்துணி கட்டப்படுகிறது. பிடிப்பவருக்கு அதுவே பரிசு.

நெல்சன் இவ்விளையாட்டைப் பாராட்டும் தொனியில் எழுதினார். ஆபத்தானது என்று கருதிச் சில கலெக்டர்கள் இதை ஊக்கம் இழக்கச் செய்தது வருந்தத்தக்கது என்றும் குறிப்பிட்டார். ஜல்லிக்கட்டைக் கட்டுப்படுத்தும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பதற்கு இக்குறிப்பு சான்றாகிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூல் தொகுதியிலும் ஜல்லிக்கட்டு விவரிக்கப்படுகிறது. பக்கத்துச் சந்தையில் பறையறைந்து நாள் அறிவிப்பது, கொம்பில் துணியும் கைக்குட்டையும் கட்டிய மாடுகளைப் பட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவது, கட்டை வண்டிகள் வரிசையாக நிற்கும் பாதையில் அவை ஓடுவது ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. கொம்பில் உள்ள துணியை எடுப்பதே அந்த ஆட்டத்தின் நோக்கம்.

இப்பதிவுகளில் இருந்து மூன்று செய்திகள் தெரிகின்றன. பரிசைத் தருபவர் மாட்டின் உரிமையாளரே. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகப் பரிசு உண்டு, ஒட்டுமொத்தமாக முதலிடம் என்று ஒன்றில்லை. பரிசின் பண மதிப்பு சிறியது, அதைப் பிடுங்கிய பெருமையே பெரியது.

ஜமீன் காளை

ஜமீன்தார்களும் பெருநிலக்கிழார்களும் ஜல்லிக்கட்டின் புரவலர்களாக இருந்தனர். காளை வளர்ப்பதும் அதைப் பிடிபடாமல் ஓடச் செய்வதும் அவர்களின் தகுதியோடு இணைத்துப் பார்க்கப்பட்டன. இந்த உறவைக் கூர்மையாகக் காட்டும் இலக்கியப் படைப்பு சி. சு. செல்லப்பாவின் வாடிவாசல் என்னும் குறுநாவல். இது 1959-ல் நூலாக வந்தது. தன் தந்தையைக் கொன்ற காரி என்னும் காளையை அடக்க வரும் பிச்சி என்ற இளைஞனின் கதை அது. காரி ஒரு ஜமீன்தாரின் காளை. அது பிடிபட்டால் தோற்பது காளை மட்டுமல்ல, ஜமீன்தாரின் மதிப்பும் தான் என்ற உணர்வு கதை முழுவதும் உள்ளது.

நாவலில் பிச்சி பரிசுக்காக வாடிவாசலில் நிற்கவில்லை. ஆனால் ஜமீன்தாருக்கு அவன் வெற்றி ஒரு கணக்கு. புரவலரின் கௌரவமும் வீரரின் நோக்கமும் வெவ்வேறாக இருக்க முடியும் என்பதை வாடிவாசல் தெளிவாகச் சொல்கிறது. ஜமீன்தாரி முறை சட்டத்தால் ஒழிந்த பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை.

உபயமும் அன்பளிப்பும்

மதுரை வட்டாரத்தில் மூன்று ஊர்களின் ஜல்லிக்கட்டு புகழ் பெற்றது. தைப்பொங்கல் அன்று அவனியாபுரத்திலும், மாட்டுப்பொங்கல் அன்று பாலமேட்டிலும், அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூரிலும் நடைபெறுவது வழக்கம். அவனியாபுரம் மதுரையின் தெற்கில், திருப்பரங்குன்றம், திருநகர் பகுதிகளுக்கு அருகில் உள்ளது. 2011-ல் மதுரை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது இம்மூன்றும் மாநகராட்சிக்குள் வந்தன. பாலமேடும் அலங்காநல்லூரும் மதுரைக்கு வடக்கே உள்ள பேரூராட்சிகள்.

இவ்விளையாட்டு கோயில் திருவிழாவோடு இணைந்தது. முதலில் கோயில் காளை அவிழ்த்துவிடப்படும். அதை யாரும் பிடிப்பதில்லை. அதன் பிறகே மற்ற காளைகள் வாடிவாசல் வழியாக வெளிவரும். கோயில் விழாவில் பந்தலுக்கும் விளக்குக்கும் அன்னதானத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்பதை உபயம் என்பர். ஜல்லிக்கட்டுப் பரிசுகளும் இதே முறையில் திரட்டப்பட்டன. ஊரார் வரி கொடுத்தனர். கடைக்காரர்களும் வெளியூரில் தொழில் செய்யும் ஊர்க்காரர்களும் பொருளாகக் கொடுத்தனர். இதை அன்பளிப்பு என்று மேடையில் அறிவிப்பார்கள்.

ஒலிபெருக்கி வந்தபின் பரிசின் தன்மை மாறியது. காளை வாடிவாசலில் நிற்கும்போதே அதன் உரிமையாளர் பெயர், ஊர், அதற்கான பரிசு, பரிசை வழங்குபவர் பெயர் ஆகியவை அறிவிக்கப்படும். வீரர் பிடித்தால் பரிசு வீரருக்கு, பிடிபடாமல் ஓடினால் பரிசு காளையின் உரிமையாளருக்கு. வேட்டி, துண்டு, குடம், அண்டா, நாற்காலி, கட்டில், பீரோ, மிதிவண்டி, தொலைக்காட்சிப் பெட்டி, வெள்ளிக்காசு, தங்கக்காசு, ரொக்கம் என இப்பட்டியல் நீண்டது. உரிமையாளரே தன் காளை மீது கூடுதல் தொகை அறிவிப்பதும் உண்டு. பரிசு கொம்பிலிருந்து மேடைக்கு இடம் மாறியதே இக்காலத்தின் முக்கிய மாற்றம். கொம்பிலிருந்த காசை வீரர் தானே எடுத்துக்கொண்டார். மேடையில் இருக்கும் பரிசை ஒருவர் கொடுக்க வேண்டும். பிடித்தாரா இல்லையா என்று இன்னொருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வழக்குகளும் விதிகளும்

2006 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கோரிய வழக்கு ஒன்றில், ரேக்ளா, எருதுவிடுதல், ஜல்லிக்கட்டு ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. 2007-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2009-ல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி, மருத்துவப் பரிசோதனை, தடுப்புகள் ஆகியவை கட்டாயமாயின. 2011 ஜூலையில் மத்திய அரசு, பயிற்றுவித்துக் காட்சிக்கு உட்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

2017 ஜனவரியில் சென்னை மெரினா கடற்கரையிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் மாணவர்களும் இளைஞர்களும் பெருந்திரளாகப் போராடினர். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 23 அன்று சட்டமன்றம் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. பிப்ரவரி 5 அன்று அவனியாபுரத்திலும், 9 அன்று பாலமேட்டிலும், 10 அன்று அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு மீண்டும் நடந்தது. இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அப்போராட்டத்தில் பெருநிறுவன எதிர்ப்பும் ஒரு பகுதியாக இருந்தது. நாட்டு மாடுகள் அழிவதற்கு வெளிநாட்டு வணிக நலன்கள் காரணம் என்ற கருத்து பரவலாகப் பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் கோக், பெப்சி பானங்களை 2017 மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று அறிவித்தன. சில ஆண்டுகளிலேயே ஜல்லிக்கட்டு மேடையின் முன்பு புதிய கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன என்பது இவ்வரலாற்றின் ஒரு முரண்.

சுற்று ஆட்டமும் முதல் பரிசும்

2017-க்குப் பின் ஜல்லிக்கட்டு ஒரு முறையான போட்டியின் வடிவத்தைப் பெற்றது. வீரர்கள் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் எண் பொறித்த சட்டையுடன் குழுக்களாகக் களத்தில் இறக்கப்படுகின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் சட்டையின் நிறம் மாறும். காளையின் திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. குறிப்பிட்ட தொலைவு வரை, அல்லது காளை மூன்று முறை துள்ளும் வரை பிடித்திருந்தால் வெற்றி. ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காளைகளைப் பிடித்தவர்கள் அடுத்த சுற்றுக்குச் செல்வார்கள். நாள் முடிவில் மொத்த எண்ணிக்கையில் முன்னிற்பவர் சிறந்த மாடுபிடி வீரர். களத்தில் நின்று விளையாடிப் பிடிபடாமல் சென்ற காளைகளில் ஒன்று சிறந்த காளை.

இந்த எண்ணிக்கை முறையே பெரும் பரிசுக்கு வழி செய்தது. ஒவ்வொரு காளைக்கும் சிறு பரிசு என்ற பழைய முறையில் நூற்றுக்கணக்கானோர் ஏதாவது ஒன்றைப் பெற்றுச் செல்வர். அது இன்றும் தொடர்கிறது. ஆனால் செய்தியாவது முதலிடம் மட்டுமே. முதலிடம் என ஒன்று உருவானதும் அதற்கு ஏற்ற பரிசும் தேவைப்பட்டது. கார் அந்த இடத்தைப் பெற்றது. 2023 ஜனவரி 17 அன்று அலங்காநல்லூரில் 26 காளைகளைப் பிடித்த பூவந்தியைச் சேர்ந்த வீரர் காரைப் பரிசாகப் பெற்றார். அடுத்த இடங்களைப் பெறுவோருக்கு இருசக்கர வாகனமும் கன்றுடன் கூடிய நாட்டுப் பசுவும் வழங்கப்படுகின்றன. 2025-ல் சிறந்த காளையின் உரிமையாளருக்கு டிராக்டர் வழங்கப்பட்டது. முதன்மைப் பரிசுகள் முதலமைச்சர், துணை முதலமைச்சர், அமைச்சர்கள் ஆகியோர் பெயரில் அறிவிக்கப்படுகின்றன. ஜமீன்தார் இருந்த இடத்தில் இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் உள்ளனர்.

2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூருக்கு அருகில் கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறு தழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 5,000 பேர் அமர்ந்து பார்க்கும் வகையில் அரசு கட்டிய நிலையான அரங்கம் இது. திறப்பு நாள் போட்டியில் 10 காளைகளைப் பிடித்த வீரருக்கு மகிந்திரா தார் வாகனமும் ஒரு லட்சம் ரூபாயும் வழங்கப்பட்டன. ஊர்க் கோயிலுடன் தொடர்பில்லாத இடத்தில், ஊர் உபயம் இல்லாமல், அரசுப் பரிசோடு நடந்த ஜல்லிக்கட்டு இது.

பரிசு உண்டாக்கிய சிக்கல்கள்

பரிசின் மதிப்பு உயர்ந்ததும் போட்டியில் சேருவதே கடினமாயிற்று. 2024-ல் மூன்று ஊர்களுக்கும் சேர்த்து 12,176 காளைகளும் 4,514 வீரர்களும் இணையவழியில் பதிவு செய்யப்பட்டனர். அலங்காநல்லூருக்கு மட்டும் 6,099 காளைகள் பதிவாயின. ஒரு நாளில் ஓர் ஊரில் சுமார் ஆயிரம் காளைகளையே அவிழ்க்க முடியும். எனவே ஒரு காளை மூன்று ஊர்களில் ஒன்றில் மட்டுமே பங்கேற்கலாம் என்று விதிக்கப்பட்டது. டோக்கன் யாருக்குக் கிடைக்கிறது என்பது ஆண்டுதோறும் புகாருக்கு உள்ளாகும் பொருளாகிவிட்டது. ஆண்டு முழுவதும் காளையை வளர்த்துவிட்டு டோக்கன் இல்லாமல் வாடிவாசலுக்கு வெளியே நிற்கும் சிறு விவசாயியின் மனக்குறை இதில் முதன்மையானது.

இரண்டாவது சிக்கல் ஆள்மாறாட்டம். 2021-ல் அலங்காநல்லூரில் 12 காளைகளைப் பிடித்து முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டவர் மீது, வேறொருவருக்கு வழங்கப்பட்ட 33-ஆம் எண் சட்டையை அணிந்து விளையாடினார் என்று புகார் எழுந்தது. முதல் பரிசு குறித்த தகராறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றது. சிறு பரிசுகள் மட்டும் இருந்த காலத்தில், ஒருவர் சட்டையை இன்னொருவர் அணிவதால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையில் ஒரு கார் நிற்கும்போது சட்டை எண் ஆவணமாகிறது.

மூன்றாவது சிக்கல் தீர்ப்பு. 2024 ஜனவரி 17 அன்று அலங்காநல்லூரில் முதலிடம் பெற்றவர் பிடித்தவை 18, இரண்டாம் இடம் பெற்றவர் பிடித்தவை 17. இரண்டாம் இடம் பெற்றவர் முந்தைய ஆண்டு 26 காளைகளைப் பிடித்த அதே பூவந்தி வீரர். முடிவில் பாரபட்சம் இருப்பதாக அவர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஒரு வாரத்தில் கீழக்கரை அரங்கில் முதலிடம் பெற்றவரும் அவரே. ஒரு காளையைப் பிடித்தாரா, இருவர் சேர்ந்து பிடித்தார்களா, துள்ளல் மூன்றா இரண்டா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியுள்ளது. கூட்டத்திலிருந்து இருவர் கை ஒரே திமிலில் விழும் ஆட்டத்தில் இது எளிதல்ல.

நான்காவது சிக்கல் மேடை. அவனியாபுரத்தில் விழாக் குழுவில் யார் இடம்பெறுவது என்பதில் நீண்ட காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. 2020-ல் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் போட்டியை நடத்தச் செய்தது. பின்னர் மாவட்ட நிர்வாகமே பொறுப்பேற்று நடத்தியது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற பழைய கேள்வி, பரிசை யார் கையால் கொடுப்பது என்ற கேள்வியாக இங்கே தொடர்கிறது.

அமெச்சூர் என்ற வரையறை

விளையாட்டு வீரர் பரிசு பெறலாமா என்ற கேள்வி உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அமெச்சூர் என்பது பணத்துக்காக விளையாடாதவர் என்று வரையறுக்கப்பட்டது. இந்த வரையறை வர்க்கத் தடையாகவும் செயல்பட்டது. ஹென்லி படகுப் போட்டியின் 1879-ஆம் ஆண்டு விதி, கூலிக்கு உடலுழைப்பு செய்யும் தொழிலாளரையும் கைவினைஞரையும் அமெச்சூர் அல்ல என விலக்கியது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அதற்கு முன் சிறு தொகைக்கு பேஸ்பால் ஆடியதால் 1913-ல் பதக்கங்களை இழந்தார். அவரே தனி வெற்றியாளர் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2022-ல் தான் ஏற்றது.

வேறொரு வழியை டிஸ்க் கால்ஃப் போன்ற புதிய விளையாட்டுகள் தேர்ந்தன. தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழச் செய்யும் இந்த ஆட்டத்துக்கான அமெரிக்கச் சங்கம் 1976-ல் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி அமெச்சூர் வீரர் ரொக்கம் பெறக் கூடாது, ஆனால் பொருளைப் பரிசாகப் பெறலாம். இதனால் அமெச்சூர் பிரிவுகளில் தட்டுகளும் பைகளும் குவியலாகப் பரிசளிக்கப்படுகின்றன. பரிசுக்காகவே திறமையான வீரர்கள் கீழ்ப்பிரிவில் தங்கிவிடுகிறார்கள் என்றும், உண்மையான அமெச்சூருக்குக் கோப்பை போதும் என்றும் அங்கே விமர்சனம் உண்டு.

ஜல்லிக்கட்டில் இந்தப் பிரிவுகளே இல்லை. இங்கு தொழில்முறை வீரர் என்று ஒரு வகை கிடையாது. ஒப்பந்தமோ சம்பளமோ இல்லை. வீரர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள், ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள். ஹென்லி விதி யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களே இங்கே களத்தில் நிற்கிறார்கள். எனவே பரிசு வாங்குவது இழுக்கு என்ற எண்ணம் இங்கு ஒருபோதும் இருந்ததில்லை. கேள்வி வேறு. சம்பளமில்லாத ஒருவர் முன் ஒரே நாளில் ஒரு காரை வைக்கும்போது, அவர் எந்த அளவு ஆபத்தை ஏற்கத் துணிவார் என்பதே அது.

ஆபத்தும் வாழ்வாதாரமும்

2023 ஜனவரி 16 அன்று பாலமேட்டில், 9 காளைகளைப் பிடித்து முன்னணியில் இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் காளை முட்டி உயிரிழந்தார். அவர் குடும்பத்துக்கு அரசு மூன்று லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2025-ல் அவனியாபுரத்திலும் ஒரு வீரர் உயிரிழந்தார். ஒவ்வோர் ஆண்டும் வீரர்கள், காளை உரிமையாளர்கள், பார்வையாளர்கள் எனப் பலர் காயமடைகின்றனர். காளை வெளியேறும் பகுதியில் அதைப் பிடிக்கக் காத்திருக்கும் உரிமையாளர்களும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். அவர்களுக்குச் சட்டையில் எண் இல்லை.

களைப்படைந்த வீரர் சுற்றிலிருந்து விலகுவது இயல்பு. எண்ணிக்கையில் ஒன்றிரண்டு வித்தியாசமே இருக்கும்போது விலகுவது கடினம். பெரும் பரிசு பற்றிய விமர்சனங்களில் வலுவானது இதுவே. துணிவுக்குப் பரிசு தர வேண்டிய விளையாட்டு, எண்ணிக்கைக்குப் பரிசு தருகிறது.

பரிசு பெற்றவர்களே எழுப்பிய கோரிக்கை இன்னொன்று உண்டு. காருக்குப் பதிலாக அரசு வேலை வேண்டும் என்பது அது. முதலிடம் பெற்ற வீரர்கள் சிலர் பரிசளிப்பின்போதும் பேட்டிகளிலும் இதை முன்வைத்துள்ளனர். காருக்குக் காப்பீடு, எரிபொருள், பராமரிப்புச் செலவுகள் உண்டு. கூலி வேலை செய்யும் குடும்பம் அதை நீண்ட நாள் வைத்திருப்பது சிரமம். கபடி போன்ற அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளில் வென்றவர்களுக்கு அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீடு உண்டு என்பதை ஒப்பிட்டே இக்கோரிக்கை எழுந்தது. வீரர்கள் கேட்பது பெரிய பரிசு அல்ல, நிலையான பயன்.

காளை வளர்ப்போர்

பரிசின் மறுபக்கம் காளை வளர்ப்பு. மதுரை, சிவகங்கைப் பகுதிகளின் புலிக்குளம் இனமும் கொங்குப் பகுதியின் காங்கயம் இனமும் ஜல்லிக்கட்டில் அதிகம் காணப்படுபவை. டிராக்டரும் மினி வேனும் வந்தபின் உழவுக்கும் வண்டிக்கும் காளை தேவைப்படவில்லை. காளைக் கன்று வீட்டுக்குச் சுமையாயிற்று. அந்நிலையில் ஒருவர் காளையை வைத்திருப்பதற்கு ஜல்லிக்கட்டு ஒரு காரணத்தைத் தருகிறது. பருத்திவிதை, புண்ணாக்கு, தவிடு ஆகிய தீனிச் செலவும், நீச்சல், மண் குத்துதல், நடைப்பயிற்சி ஆகியவற்றுக்கான உழைப்பும், போட்டிக்கு வண்டி பிடித்துச் செல்லும் செலவும் ஆண்டு முழுவதும் உண்டு. ஓர் அண்டாவோ கட்டிலோ இச்செலவை ஈடுகட்டாது. பெரும்பாலோர் நட்டத்தை அறிந்தே வளர்க்கின்றனர். பிடிபடாத காளை இனப்பெருக்கத்துக்குத் தேடப்படும் என்பதும் அதன் விலை உயரும் என்பதும் அவர்களுக்குக் கிடைக்கும் பயன்கள்.

வண்டியும் உழவும் காளையைக் கைவிட்டதற்குக் காரணமான டிராக்டரே சிறந்த காளைக்குப் பரிசாவது கவனிக்கத்தக்கது. ஆயினும் காளை உரிமையாளர்களில் பலர் விவசாயிகள் என்பதால் காரைவிட டிராக்டர் பயனுள்ள பரிசு என்ற வரவேற்பும் உண்டு. சிறந்த காளைக்கான பரிசு ஒன்றே ஒன்று. அன்று வாடிவாசலைக் கடக்கும் மற்ற காளைகளின் உரிமையாளர்களுக்கு ஊர் தரும் சிறு பரிசே கிடைக்கிறது. நாட்டு மாட்டினத்தைக் காப்பது நோக்கம் என்றால், ஒருவருக்குக் கிடைக்கும் பெரும் பரிசைவிட எல்லோருக்கும் கிடைக்கும் தீனி மானியமும் கால்நடை மருத்துவமும் அதற்கு நெருக்கமானவை.

மதிப்பீடு

ஜல்லிக்கட்டில் பரிசு புதிதல்ல. விளையாட்டின் பெயரிலேயே அது உள்ளது. மாறியது பரிசின் அளவு மட்டுமல்ல, அது புறப்படும் இடமும் ஆகும். நெல்சன் கண்ட ஆட்டத்தில் பரிசை வைத்தவர் காளையோடு களத்தில் நின்றார், தோற்றால் துணியை இழந்தார். ஊர்க்காரர் உபயம் அளித்த காலத்தில் பரிசு ஊரிலிருந்து வந்து பெரும்பாலும் ஊருக்குள் பரவியது. இன்றைய முதன்மைப் பரிசை வழங்குபவருக்குக் களத்தில் இழப்பதற்கு எதுவும் இல்லை. அவர் பெறுவது பெயர்.

அதே நேரம் பழைய முறை முற்றிலும் மறையவில்லை. காரும் டிராக்டரும் மேடைக்குக் கீழே நிற்க, ஒவ்வொரு காளைக்கும் ஒரு பொருளும் அதைக் கொடுத்தவரின் பெயரும் இன்றும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றன. மாலையில் பெரும்பாலான வீரர்களும் உரிமையாளர்களும் தலையில் அண்டாவோடும் தோளில் நாற்காலியோடும் ஊர் திரும்புகின்றனர். ஜல்லிக்கட்டு ஆண்டுதோறும் தொடர்வதற்கான பொருளாதாரம் இந்தச் சிறு பரிசுகளிலும், நட்டம் பார்க்காத காளை வளர்ப்போரிடமும் உள்ளது.